சைக்கிள் மணிக்குச் சிகிச்சை

யாரையாவது திருத்தியே தீருவது என்று ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்துவிட்டால், அப்புறம் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கட்டடமே ஆளைத் தேடிக்கொள்ளும். ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்படி ஒன்று இருந்தது. நடத்தைச் சீரமைப்பு ஆராய்ச்சி நிலையம். கீழ்த்தளம் குழந்தைகளுக்கு, மேல்தளம் பெரியவர்களுக்கு. வாசலில் இரண்டு வரிசைச் செடி, பெட்டி மாதிரி சதுரமாக வெட்டி வைத்திருந்தார்கள். அந்தச் செடிகள்கூடத் தம் இஷ்டத்துக்கு ஓர் இலை விட்டுவிட முடியாது.

அந்தக் கட்டடம் மெத்தைக்காரரைத் தேடிப் பிடித்த கதை இது.

மெத்தைக்காரர் கடைத்தெருவில் மெத்தை தைப்பவர். தலையிலும் புருவத்திலும் எந்நேரமும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் நாற்பதைத் தொடாத மனிதர், ஆனால் பஸ்ஸில் ஏறினால் பார்ப்பவர்கள் பெரியவர் என்று எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். மறுத்துப் பார்த்தார். பிறகு உட்காரப் பழகிக்கொண்டார். மறுக்கிற வழக்கம் அவருக்கு அவ்வளவாகக் கிடையாது. கதைக்கு இது முக்கியம்.

வீடு மூன்றாம் மாடி. படிக்கட்டு குறுகல். அவர் மனைவி வீடு வீடாகத் தபால் கொண்டுபோகிறவள். இலாகா கொடுத்த சைக்கிள், இரும்பு என்று சொன்னால் இரும்பு கோபித்துக்கொள்ளும், அவ்வளவு கனம். அதைக் கீழே நிறுத்திவைக்க முடியாது. ஒரு தரம் நிறுத்தினாள், காலையில் சீட்டைக் காணோம். இன்னொரு தரம் நிறுத்தினாள், சீட்டு மட்டும் இருந்தது. அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சாயங்காலம் அவள் கீழே வந்ததும் இரண்டு தரம் மணி அடிப்பாள். மேலே மகள் சுண்டு, அம்மாவின் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். இருக்கோம், வர்றோம் என்று அர்த்தம். மெத்தைக்காரர் இறங்கிப் போவார். முன்சக்கரம் அவளுக்கு, பின்சக்கரம் இவருக்கு. இரண்டாம் மாடி வளைவில் சைக்கிள் சிக்கிக்கொள்ளும். இந்தப் பக்கம் சாய்ங்க என்பாள், நீ அந்தப் பக்கம் சாய் என்பார், அங்கே தினமும் ஒரு சின்னச் சண்டை நடக்கும். தட்டுச் சத்தம் வரவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை. யாராவது வரும்வரை அவள் கீழேயே நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். அதே படிக்கட்டில் அவளை நாலு பேராகப் பிடித்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வளைவில் யாரும் சண்டை போடவில்லை. அவள் திரும்பி வரவில்லை. சைக்கிள் மேலேயே தங்கிவிட்டது. இலாகாவும் அதைக் கேட்டு வரவில்லை, மூன்றாம் மாடி என்பதால் இருக்கலாம்.

அதற்கப்புறமும் தெருவில் எந்தச் சைக்கிள் மணி கேட்டாலும் சுண்டு தட்டைத் தட்டினாள். அவள் தட்டினால் மெத்தைக்காரர் எழுந்து படியிறங்கிப் போனார். கடைசிப் படியில் கொஞ்சம் நிற்பார். மேலே வருவார்.

"வேற யாரோ கண்ணு."

"யாருப்பா?"

"பால்காரர்."

"சரி."

பிறகு இருவரும் சாப்பிடுவார்கள். அம்மாவின் தட்டும் பக்கத்தில் இருக்கும், அடுத்த மணிக்குக் கைக்கெட்டுகிற மாதிரி. இதனால் நஷ்டம் என்று பார்த்தால் படிக்கட்டு கொஞ்சம் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவரே கேட்டுப் பார்த்தார். "அம்மா வரமாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் கண்ணு தட்டற?"

கதவுக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். "ஒருவேளை வந்தா, கீழேயே நிப்பாங்கல்ல?"

மெத்தைக்காரர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில்தான் வினை வந்தது. வகுப்பு ஜன்னல் தெருவைப் பார்த்தது. தெருவில் மணி அடித்தால் சுண்டு சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் தட்டினாள். பக்கத்துப் பிள்ளையும் தட்டிப் பார்த்தது, நன்றாக இருந்தது. வாரம் திரும்புவதற்குள் வகுப்பே தட்டியது. தெருவில் போகிற சைக்கிள்காரர்களுக்கும் இது பிடித்துப்போய், வேறு வேலையாகப் போகிறவர்கள்கூடச் சுற்றிவந்து அந்த ஜன்னலடியில் மணி அடித்துவிட்டுப் போனார்கள்.

தலைமையாசிரியை மெத்தைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். "நடத்தை நிலையத்துல காட்டிச் சரிபண்ணி ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் பிள்ளை வீட்லயே இருக்கட்டும்."

"ஜன்னலைச் சாத்திட்டா போதாதாம்மா?"

"ஜன்னலுக்கு யாரும் சான்றிதழ் குடுக்கமாட்டாங்க."

அதுவும் சரிதான் என்று மெத்தைக்காரருக்குப் பட்டது. அவருக்கு எல்லாமே முதலில் சரியென்றுதான் படும்.

நிலையத்தின் இயக்குநர் பெரிய உடம்புக்காரர். பேசும்போது கண்களை மூடிக்கொள்வார், எதிரில் இருப்பவர் முகம் தன் கருத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

"பிள்ளைக்கு என்ன?" என்றார்.

"இவ அம்மா சைக்கிள்ல வருவாங்க சார். கீழே நின்னு மணி அடிச்சா..."

"நிறுத்துங்க. ஏன் செய்யுதுன்னு நான் கேட்டனா? என்ன செய்யுதுன்னு கேட்டேன். தலை நரைக்கிற வரைக்கும் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன், இன்னிவரைக்கும் ஒரு ஆளை ஏன்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா இந்த நிலையம் எழும்பியிருக்குமா? கேட்டவங்கல்லாம் அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க."

"தட்டுது சார்."

"அப்படி வாங்க வழிக்கு." கண்ணைத் திறந்து மெத்தைக்காரரை ஒரு தரம் பார்த்தார். "உங்க புருவத்துல என்ன?"

"பஞ்சு சார்."

"தன்னைத்தானே கவனிச்சுக்காம விடுறது," என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். அவள் குறித்துக்கொண்டாள். மேல்தளத்தில் நிறைய இடம் காலியாக இருந்த சமயம் அது.

குறித்துக்கொண்டவள் இளம் ஆராய்ச்சியாளர். சுண்டு அவளுக்கு வைத்த பெயர் பச்சை இலை அக்கா. நல்ல நடத்தை செய்த குழந்தையின் சட்டையில் அவள் ஒரு பச்சைக் காகித இலையை ஒட்டுவாள். தான் ஏதாவது நன்றாகச் செய்துவிட்டதாகத் தோன்றினால் தன் மேலும் ஒன்று ஒட்டிக்கொள்வாள், யாரும் பார்க்காதபோது.

சிகிச்சை அறையில் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளிருக்கும் குழந்தைக்கு அது வெறும் கண்ணாடி. பின்னாலிருந்து பார்க்கும் நிபுணர்களுக்கு ஜன்னல். இயக்குநருக்கு இருட்டு ஆகாது என்பதால் பின்னறையில் எப்போதும் பளிச்சென்று விளக்கு எரிந்தது. முதல் நாள் சாயங்காலமே சுண்டு அப்பாவிடம் கேட்டாள். "ஏன்ப்பா, அந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு தாத்தா உக்காந்து மூக்கை நோண்டிக்கிட்டே இருக்கார், அவருக்கு என்ன உடம்பு?"

"அவர்தான்மா டாக்டரு."

"ஓ," என்றாள் சுண்டு.

மணி அடிக்க ஓர் இயந்திரம் வாங்கியிருந்தார்கள். கடல் தாண்டி வந்தது, துணி அலமாரி உயரம். உலகத்திலேயே சுத்தமான மணியோசை அதுதான் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. அதை அடித்தார்கள். சுண்டு மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மறுபடி அடித்தார்கள். அவள் கொட்டாவி விட்டாள்.

"ஏன்மா தட்டல?" என்றாள் பச்சை இலை அக்கா.

"இது சைக்கிள் இல்லையேக்கா. அலமாரி."

மெத்தைக்காரருக்கு மகிழ்ச்சி. "அப்ப சரியாயிடுச்சுங்களா சார்? சான்றிதழ் குடுத்துடலாங்களா?"

இயக்குநர் கண்ணை மூடினார். "வராத நோயை நான் எப்படிக் குணப்படுத்த முடியும்? குணப்படுத்தாம எப்படிச் சான்றிதழ் தர முடியும்? முதல்ல நோயைக் கொண்டு வாங்க. வீட்ல அந்த மணி இருக்கா?"

இருந்தது. அன்றைக்கு மெத்தைக்காரர் சைக்கிளின் முன்னால் உட்கார்ந்து மணியைக் கழற்றினார். திருகாணி துருப்பிடித்திருந்தது. மணியின் விசையில் ஓரிடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, ஒரு கட்டைவிரல் அளவுக்கு. தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தது. எடுத்துவிட்டார்.

நிலையத்தில் மணியை அடித்ததும் சுண்டு தட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஆனால் அவள் இரண்டே தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது போதாது என்று இயக்குநர் கருதினார். வரைபடத்தில் கோடு மேலேயிருந்து கீழே இறங்கினால்தான் பார்க்கிறவர்களுக்கு ஒரு நிறைவு இருக்கும். இறங்குவதற்கு முதலில் ஏறியிருக்க வேண்டும். ஆகவே முதல் மாதம் முழுக்க, தட்டினால் பச்சை இலை. நிறையத் தட்டினால் நிறைய இலை. சுண்டுவின் சட்டை முருங்கைமரம் மாதிரி ஆயிற்று. இரண்டாம் மாதம் பிறந்ததும், தட்டாமலிருந்தால் இலை.

"தட்டணுமா, தட்டக் கூடாதாக்கா?"

"போன மாசம் தட்டணும். இந்த மாசம் தட்டக் கூடாது."

சுண்டு யோசித்தாள். "எந்த மாசம்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பதில் தெரியாததால் திரும்பினாள் என்று நினைத்துவிடக் கூடாது. அதுதான் நிலையத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு. வேண்டாத நடத்தை எதுவானாலும், அதைப் பார்க்காதே, கேட்காதே, சுவர்ப்பக்கம் திரும்பு. கவனிப்பு கிடைக்காத நடத்தை தானே பட்டுப்போகும். சுண்டு தட்டியதும் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். டீ கொண்டுவந்தவரும் தட்டோடு திரும்பினார். பழக்கம் விடுமா? நாளடைவில் நிலையத்தில் சம்பள உயர்வு கேட்டவர்களுக்கும் மேலாளரின் முதுகுதான் கிடைத்தது, முகம் சுவருக்குப் போயிற்று.

ஒரு மத்தியானம் சரக்கறையில் புகை கிளம்பியது. காவலாளி "தீ, தீ" என்று கத்திக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினார். கத்துவது வேண்டாத நடத்தை. அறை அறையாகப் படித்தவர்கள் எழுந்து சுவரைப் பார்த்து நின்றார்கள். காவலாளி அழுதே பார்த்தார். பிறகு கத்துவதை விட்டுவிட்டு, தானே வாளியெடுத்துத் தண்ணீர் இறைக்கப் போனார். சரக்கறை எரிந்துபோயிற்று, அலமாரி இயந்திரம் அதற்குள்தான் இருந்தது. அடுத்து வந்த ஆய்விதழில் இயக்குநர் எழுதினார்: உரத்த குரலில் கத்தும் பழக்கமுள்ள ஒரு நடுவயது ஆண், ஒரே அமர்வில் முழுக் குணம்.

சுண்டு மட்டும் குணமாகவில்லை. நிலையத்தில் இலைக்காகத் தட்டாமல் இருப்பாள், வீட்டுக்கு வந்து தட்டுவாள். இது எப்படி என்று பார்க்க பச்சை இலை அக்கா ஒரு சாயங்காலம் வீட்டுக்கே வந்தாள். தெருவில் மணி கேட்டது. சுண்டு தட்டினாள். மெத்தைக்காரர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, வீட்டில் ஒரு விருந்தாளி இருப்பதையும் மறந்து, படியிறங்கிப் போனார். திரும்பி வந்து "காய்கறி வண்டி கண்ணு" என்றார்.

அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேகமாக எழுதினாள்.

மறுநாள் இயக்குநர் மகிழ்ச்சியில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே பேசினார். "பிள்ளை தட்டுறது நீங்க இறங்கிப் போறதால. நோய் உங்களுக்கு, பிள்ளைக்கு இல்ல. பிள்ளைக்கு உங்க நோயோட ருசி தெரிஞ்சுபோச்சு. இனிமே நீங்களும் மேல்தளத்துல சேர்ந்துக்கணும்."

"எனக்கு ஒண்ணுமில்லங்க சார். சும்மா போய்ப் பாத்துட்டு வரேன்."

"எதைப் பாக்க?"

மெத்தைக்காரர் வாயைத் திறந்தார். அது ஏன் என்கிற கேள்விக்குப் பக்கத்து வீடு என்பதை இயக்குநரே உணர்ந்து, "சொல்லாதீங்க" என்றார் அவசரமாக.

மேல்தளத்தில் அவர் மணிக்கட்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டினார்கள். மனைவி ஞாபகம் வந்தால் இழுத்துச் சுளீரென்று விட்டுக்கொள்ள வேண்டும். அவருடைய மெத்தைப் பட்டறையில் ஊசி ஏறி இறங்குகிற சத்தத்துக்கு நடுவே சுளீர் சுளீர் என்று கேட்டுக்கொண்டேயிருந்தது.

"என்னண்ணே, கொசுவா?" என்றான் பக்கத்தில் பஞ்சு அடைப்பவன்.

"ஆமாப்பா. கொசுதான்."

"பகல்லயேவா? பெரிய கொசுவா இருக்கும்போல."

ஒரு வாரத்தில் வளையம் அறுந்தது. இன்னும் தடிமனான ஒன்று கொடுத்தார்கள், பிடிவாதக்காரர்களுக்கென்று செய்தது. இதில் ஒரு விசித்திரம் நடந்தது. முன்பெல்லாம் அவருக்கு மனைவி நினைவு சாயங்காலம்தான் வரும். இப்போது வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் வந்தது. வளையம் கையிலேயே இருந்தது. குளிக்கும்போது வந்தது, சட்டை மாட்டும்போது வந்தது. அவள் உயிரோடிருந்தபோதுகூட அவர் இவ்வளவு நேரம் அவளை நினைத்ததில்லை. மணிக்கட்டு ரத்தக்கோடாகச் சிவந்திருந்ததைப் பார்த்த இயக்குநர், நோயாளி சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறார் என்று பாராட்டினார்.

கூடவே வீட்டுப்பாடமும் உண்டு. மணியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். சாயங்காலம் அவரே அதை அடிக்க வேண்டும். சுண்டு தட்டினால் படியிறங்கக் கூடாது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும்.

அடித்தார். அந்தச் சத்தம் அவர் கையிலிருந்தே வந்தது அவருக்கு என்னவோபோல் இருந்தது. சுண்டு அவரைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். இருந்தாலும் தட்டினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ கீழ போகலையாப்பா?"

அவர் திரும்பவில்லை. நிலையத்தின் விதியை அவர் அன்று மிகச் சரியாகக் கடைப்பிடித்தார் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். திரும்பியிருந்தால் அவர் முகம் இருந்த இருப்பைப் பிள்ளை பார்த்திருக்கும்.

சுண்டு சுற்றிக்கொண்டு சுவருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து வளையத்தை மேலே தள்ளினாள்.

"ஏன்ப்பா கை இப்படிச் செவந்திருக்கு?"

"பயிற்சிம்மா."

"நான் தட்டுறதாலயா?"

"சேச்சே. இது வேற."

சுண்டு வளையத்தை மறுபடி கீழே இழுத்துவிட்டாள். மறுநாள் சாயங்காலம் மணி அடித்தபோது அவள் தட்டவில்லை. கரண்டி கையில்தான் இருந்தது. அதைத் தரையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, "எனக்கு மறந்தே போச்சுப்பா" என்றாள்.

மெத்தைக்காரர் அதை நம்பினார். பிள்ளை மறக்கிறது, மறக்கட்டும், அது பள்ளிக்கூடம் போக வேண்டும். நாம் எதற்கு நினைவூட்டிக்கொண்டிருப்பது என்று அம்மாவின் தட்டைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினார். தெருவில் மணி கேட்டாலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் மறந்துவிட்டார் என்று சுண்டு நினைத்துக்கொண்டாள். இப்படி, அந்த வீட்டில் ஒருவருக்காக ஒருவர் மறந்துபோனார்கள். வரைபடத்தில் கோடு விழுந்த வேகத்தைப் பார்த்து நிலையத்தில் இனிப்பு வழங்கினார்கள்.

விழா வைத்தார்கள். பெரிய கூடம், மேடை, பின்னால் நீலத் திரை. ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மெத்தைக்காரரையும் அங்கே உட்காரவைத்து, எல்லாருக்கும் கொடுத்த மாதிரியே பீங்கான் கோப்பையில் டீ, அடியில் ஒரு சாஸர், கலக்க ஒரு கரண்டி கொடுத்தார்கள். தலையில் பஞ்சு இல்லாமல் வாரிவிட்டிருந்ததால் அவர் மிகவும் சின்னவராகத் தெரிந்தார். மேடையில் சுண்டு ஒரு நாற்காலியில், கால் தரையை எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசையில், பட்டுத் துணிமேல் மணி.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"முன்பெல்லாம் ஒரு குழந்தை அழுதால் தாய் ஓடி வருவாள். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் திரும்பிப் பார்ப்பார். இந்தச் சங்கிலித்தொடரை யாரும் எங்கும் அறுக்கவில்லை. நாங்கள் அறுத்தோம். எங்கள் நிலையத்தில் யார் கூப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டிலும் இதை நடைமுறைப்படுத்தியிருக்கிறேன். என் மகன் என்னோடு பேசியே பல வருஷமாகிறது. அவ்வளவு நல்ல பிள்ளை. என் துணைவியாரும் இந்த விழாவுக்கு வருவதாக இருந்தார், வரவில்லை. கூப்பிட்டும் வரவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்."

கூடம் கைதட்டியது. அவர் கண்ணைத் திறந்து வாசலை ஒரு தரம் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு, "இப்போது நேரடி விளக்கம்" என்றார்.

பச்சை இலை அக்கா மணியை எடுத்து இரண்டு தரம் அடித்தாள்.

மேடையில் சுண்டு அசையவில்லை. கை மடியிலேயே இருந்தது. கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்த அமைதியில், முன்வரிசையிலிருந்து டிங், டிங் என்று கேட்டது.

மெத்தைக்காரர் தன் கையைப் பார்த்தார். கரண்டி சாஸர்மேல் இருந்தது. அது மட்டுமல்ல, அவர் எழுந்து நின்றிருந்தார். ஒரு கால், இறங்க வேண்டிய படியைத் தேடுவதுபோல முன்னால் நீண்டிருந்தது.

சுண்டு அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீலத் திரையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"பாருங்கள்," என்றார் இயக்குநர். "சிகிச்சை பெற்ற குழந்தையே சிகிச்சை தருகிறது. எவ்வளவு துல்லியமான புறக்கணிப்பு. என் மாணவர்களில்கூட இப்படி ஒரு முதுகை நான் கண்டதில்லை."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மெத்தைக்காரர் மட்டும் அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் எதற்காகச் சுவர்ப்பக்கம் திரும்புகிறார் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளை ஒன்றையும் மறக்கவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சான்றிதழ் கொடுத்தார்கள். மணியைக் கொடுக்கவில்லை, அது ஆராய்ச்சிச் சின்னமாகிவிட்டது, வாசல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மெத்தைக்காரர் விஷயத்தில் மட்டும் இயக்குநருக்கு மனத்தாங்கல். "உங்க வீட்ல இனி யார் தட்டினாலும், யார் படியிறங்கினாலும் சான்றிதழ் ரத்து. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பார்த்துக்க ஆள் அனுப்புறேன்."

"சரிங்க சார்," என்றார் மெத்தைக்காரர்.

சுண்டு பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலமானால் பச்சை இலை அக்கா வந்து வீட்டு மூலையில், மணியில்லாத சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தட்டு.

கீழே மணி அடித்தது. தெருவில் இல்லை, படிக்கட்டின் அடியிலேயே. இரண்டு தரம்.

மெத்தைக்காரரின் கை நின்றது. சுண்டுவின் கையும் நின்றது. அக்கா பேனாவை எடுத்தாள். சுண்டு ஒரு சுவரைப் பார்த்துத் திரும்பினாள், மெத்தைக்காரர் எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பினார். முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மணி இன்னொரு தரம் அடித்தது. கீழே யாரோ காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா எழுந்து வந்து இருவர் தோளிலும் ஆளுக்கொரு பச்சை இலையை ஒட்டினாள். இலை கோணலாக ஒட்டிக்கொண்டது. தனக்கு ஒன்று ஒட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. கீழே நின்றவர் சைக்கிளைத் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேறும் சத்தம். ஒவ்வொரு படியிலும் சக்கரம் இடித்தது. நடுவில் நின்று மூச்சு வாங்கியது. மறுபடி இடித்தது. இரண்டாம் மாடி வளைவில் சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் சாய்க்க, அந்தப் பக்கம் சாய்க்க யாருமில்லாமல் நெடுநேரம் இரும்பு சுவரில் உரசிக்கொண்டே இருந்தது. மெத்தைக்காரர் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் மாடியில், புதிதாகக் குடிவந்தவர்கள் வீட்டுக் கதவு திறந்தது. சைக்கிள் உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

சுண்டு சுவரிலிருந்து முகத்தை எடுக்காமல், மெல்லச் சொன்னாள்.

"வேற யாரோப்பா."